சுழலாத குமிழ்

என் தம்பியர் ப்ரியோவும் விட்டோனோவும் ஒன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. அதைக்கூடப் பொறுத்தேன். தங்கை மகளின் திருமணப் படத்தில் ஒருவனை மற்றவன் வெட்டி நீக்கிவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. ப்ரியோ அனுப்பிய படத்தில் அவன் தோள்மீது உடலற்ற கையொன்று தொங்கியது. புகைப்படக்காரர் வற்புறுத்தியதால் விட்டோனோ வைத்த கை அது.

கைப்பேசியில் வெட்ட முடியாத படம் ஒன்றை எடுத்தே தீருவதென்று, அறுபத்தெட்டாம் வயதில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கினேன். இந்தோனேசியாவில் எங்கள் யோக்யகர்த்தா நகரில் ரெத்னோ என்னும் இளம்பெண் நடத்தும் கடையில் பாடம் கேட்டேன்.

"ஃபிலிம வெச்சுப் பின்மூடியச் சாத்திட்டு நெம்புகோல இழுங்க சார். அப்போ இடப்பக்கக் குமிழ் சுத்துதான்னு பாருங்க. சுத்தலேன்னா ஃபிலிம் மாட்டலைன்னு அர்த்தம்."

லென்ஸ் துளையின் அளவு, அது திறந்திருக்கும் நேரம், ஃபிலிமின் வேகம் ஆகிய யாவற்றையும் நோட்டில் எழுதினேன். குமிழையும் எழுதினேன்.

அம்மா மறைந்த ஆயிரமாவது நாள் வந்தது. எங்கள் ஜாவா வழக்கப்படி அன்று பகலில் கல்லறைக்குக் கல் வைத்தோம். பிறகு ஒரே பாயில், சடங்குக்காகக் கூம்பாகக் குவித்த சோற்றின் இருபுறமும் தம்பியர் அமர்ந்தனர். மறு ஞாயிறு ப்ரியோ நாட்டின் மறுகோடியில், பாப்புவாவிலுள்ள மகளிடம் நிரந்தரமாகச் செல்கிறான்; இருதய நோயாளி, திரும்பி வரப்போவதில்லை. எனவே விடாமல் எடுத்தேன். முப்பத்தாறு படச் சுருளில் கேமராவின் எண்காட்டி நாற்பத்தொன்று காட்டியது. ஐந்து படம் கூடுதலாகக் கிடைத்ததென்று பூரித்தேன்.

வெள்ளிக்கிழமை ரெத்னோ கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்ல சார். ஃபிலிம் நகரவே இல்ல. குமிழ் சுத்திச்சா?"

"நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

"எழுதினீங்க. பாத்தீங்களா?"

என்மேல் எழுந்த சினம் தொலைபேசியில் தம்பியர்மேல் பாய்ந்தது.

"நாப்பத்தோரு தடவை சொடுக்கினியே அண்ணே, ஒண்ணுகூடவா விழல? உனக்கு நீயே முட்டை மார்க் போட்டுக்கோ" என்றான் ப்ரியோ.

"அவன் மூஞ்சிய ஒருதடவ பாத்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும்" என்றான் விட்டோனோ.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அம்மா கல்லறைக்கு வரணும். வராதவன் எனக்குத் தம்பியே இல்ல!" இதையே இருவரிடமும் சொன்னேன்.

வந்தார்கள். ஃபிலிமை மாட்டி, மூடியைச் சாத்தி, நெம்புகோலை இழுத்தேன். கண்ணெடுக்காமல் பார்த்தேன். குமிழ் சுழன்றது.

"நான் சிரிக்கமாட்டேன்" என்றான் ப்ரியோ.

"யாருடா உன்னைச் சிரிக்கச் சொன்னா? முறைச்சுக்கிட்டே நில்லு! அம்மாவுக்குக் கல் வெச்ச அன்னைக்குக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டவன்தானே நீ? டேய் விட்டோனோ, நீ மட்டும் யோக்கியனா?" படத்துக்கொரு குற்றமாக, முப்பத்தாறு படத்துக்கும் திட்டினேன். முப்பத்தாறுக்கும் குமிழ் சுழன்றது.

விட்டோனோ உதட்டோரமாகப் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான்: "இவருக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு."

"எப்பவுமே இப்படித்தானேடா" என்றான் ப்ரியோ.

என் சினம் இன்னும் தணியவில்லை. ஆளுக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். எவனாவது கத்திரிக்கோலை எடுக்கட்டும். நெகட்டிவ் என் அலமாரியில் இருக்கிறது.