நிழல் விழுந்த இடம்

...ஒரு பிடி மண் போதும், அதற்குமேல் அம்மா கேட்கவில்லை, ஆனால் டீ இடைவேளையே பத்து நிமிடம், அசெம்பிளி லைனிலிருந்து இந்த வேப்பமரத்துக்கு நடந்து வருவதிலேயே மூன்று போய்விட்டது, கேண்டீனில் சர்க்கரை போடாமல் வாங்கிய பாலைச் சுகப்பிரியா புல்தரையில் வைத்தாள். இங்கே வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடமாக ஆடியில் இந்த ஒரு நாள் இப்படித்தான், தம்பி மாரிமுத்து காய்ச்சலில் போன நாள், ஐந்து வயதுப் பிள்ளையை எரிப்பார்களா, ஏரிக்கரையோரம் புதைத்தார்கள், பெண்கள் போகக்கூடாது என்று அம்மாவை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள், ஒன்பது வயதுக்காரி இவள் மட்டும் அப்பாவின் பின்னால் ஓடினாள். அப்போது கரை இருந்தது, ஊர் இருந்தது. இப்போது ஊரையே கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு, அதே கம்பெனியில் இவள் கழுத்திலும் அட்டையை மாட்டிவிட்டார்கள், என்ன பிழைப்போ. எது களம், எது ஏரி, எல்லாம் ஒரே மட்டம், இந்த மரம்தான் மிச்சம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கண்டுகொண்டாளே, குழியின்மேல் நிழல் விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறதே... காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, "அவன் மண்ணு ஒரு பிடி எடுத்தாந்துடுமா, என்கூட வெச்சிப் பொதைச்சிடுங்க" என்றாள், டாக்டர் இன்றோ நாளையோ என்கிறார். புல்லைப் பெயர்க்க நகம் போதவில்லை, தோட்டக்காரர் அண்ணாதுரையிடம் களைக்கொத்தி கேட்டாள்.

"இன்னாமா தோண்டுற? சூப்பர்வைசர் பாத்தா என் வேலை பூடும்."

"என் தம்பி இங்கதாண்ணா கீறான். இந்த மரத்தாண்ட."

அவர் மரத்தைப் பார்த்தார். "இது இங்கத்தி மரம் இல்லமா. வாலாஜாபாத் ரோட்ட அகலம் பண்ணப்போ கிரேன்ல தூக்கியாந்து நட்டாங்க. நான்தான் தண்ணி ஊத்திப் பொழைக்க வெச்சேன். ஏழு வருசம் ஆவுது."

ஏழு வருடம்... அப்படியானால் இவள் ஊற்றிய பாலெல்லாம் யாருக்கு? ஐயோ, அவன் எங்கே கிடக்கிறான், பஸ் நிற்கிற இடத்திலா, பெயிண்ட் ஷெட்டுக்கு அடியிலா, தினமும் அவன்மேலேயே மிதித்துக்கொண்டுதான் லைனுக்குப் போகிறாளா, யோசி, நன்றாக யோசி... அன்றைக்கு நல்ல வெயில், செருப்பில்லை, கால் சுட்டுக் காலை மாற்றி மாற்றி நின்றாள், மரம் இருந்திருந்தால் ஏன் சுட்டிருக்கும்? மரமே இல்லை. நிழல் மட்டும் இருந்தது, குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது... அப்பா. மண்வெட்டியோடு அப்பா. அவரும் போய்ப் பத்து வருடமாகிறது, இனி யாரைக் கேட்பாள்? மணி அடித்துவிட்டது. அண்ணாதுரை ஒரு கொத்து மண்ணைப் பெயர்த்து அவள் கைக்குட்டையில் போட்டார், அவளும் முடிந்துகொண்டாள், அம்மாவிடம் இதைத்தான் கொடுக்கப் போகிறாளா, கொடுக்காமல் எப்படி... புல்லில் வைத்த பால் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது, அதை எங்கே ஊற்றுவது?