1926-லிருந்து ஆஸ்பத்திரிக்கு

நார்மன் டாட்ஸுக்குப் பஸ் ஓட்ட நன்றாகத் தெரியும். வாயைச் சும்மா வைத்திருக்கத்தான் தெரியாது.

ஆல்டன்கில் அருங்காட்சியகத்தின் கேட்டுக்கு உள்ளே என்றைக்கும் 1926-தான். கல் பதித்த தெரு, குதிரை வண்டி, கேஸ் விளக்கு, மிட்டாய்க் கடை, கரிச் சுரங்கம் எல்லாம் அந்த வருஷம். ‘தெருவிலும் வண்டிகளிலும் நம் ஆட்கள் யாராக இருந்தாலும் 1926-ஐத் தாண்டக்கூடாது’ என்று தலைவர் ஃபென்விக் ஒரு விதி போட்டிருந்தார். உடுப்புக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் சேர்த்துத்தான். அங்கே ஓடும் பச்சை நிறப் பழைய பஸ்ஸுக்கு நார்மன் டிரைவர், அவர் மனைவி பெரில் கண்டக்டர்.

நார்மன் போன மாதம் ஒரு பயணியிடம் முந்தின இரவு நடந்த கால்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கைச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெயில் அடிக்கிறது என்று கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஓட்டினார். இரண்டையும் பார்த்துவிட்ட நிர்வாகி இமோஜன், அன்று காலை ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

“நார்மன், இதுதான் கடைசி. இன்னைக்குத் தலைவர் வர்றார். உங்க பஸ்லதான் சுத்திப் பாக்கப் போறார். 1926-ஐத் தாண்டி ஒரு வார்த்தை வந்துச்சு, நேரா பல் டாக்டர் வீடுதான்.”

நார்மனுக்குத் தாடை கூசியது. அந்தத் தெருவில் பல் டாக்டர் வீடு ஒன்று உண்டு. தினமும் மதியம், தாடையைச் சுற்றித் துணி கட்டிய ஒரு நோயாளி நாற்காலியில் உட்கார, டாக்டர் குறட்டோடு வர, நோயாளி தெருவே அதிர அலற வேண்டும். ஜனங்களுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். நோயாளி வேஷக்காரர் வேலையை விட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டதால் நாற்காலி காலியாக இருந்தது.

“அங்க இவர் நடிக்கவே வேணாம் மேடம்” என்றாள் பெரில். “வீட்ல நகம் வெட்டினாலே கத்துவார்.”

இமோஜன் போனதும் அவள் குரல் மாறியது. “இதபாரு நார்மன், நீ அந்த நாற்காலிக்குப் போனா இந்த பஸ்ஸை மாத்து டிரைவர் நைஜல் ஓட்டுவான். அவன் ஒரு திருப்பு திருப்பினா நான் குதிரை மேலதான் போய் விழுவேன். வாயை மூடிக்கிட்டு ஓட்டு.”

நார்மன் தலையாட்டினார். டவுன் பஸ் கம்பெனியில் ஓய்வு கொடுத்தபின், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒரே கொல்லைக் கதவுக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தவர் அவர். இந்த ஸ்டீயரிங்தான் அவரைக் காப்பாற்றியது. இதுவும் போனால் மறுபடி அந்தக் கதவுதான்.

கேட்டுக்கு வெளியே, அருங்காட்சியகத்தின் அழகான இரும்புக் கம்ப நிறுத்தத்தில் நீளமாய் ஒரு வரிசை நின்றது. நார்மனுக்குப் பெருமை தாங்கவில்லை. நடந்ததே வேறு. மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நிஜ பஸ் நிறுத்தக் கம்பத்தின் மேல், இங்கே பஸ் நிற்காது என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பை கவிழ்த்திருந்தது. கிராமத்துக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்த இந்தக் கம்பத்தடியில் வந்து நின்றார். அடுத்தவர் அவர் பின்னால் நின்றார். அந்த ஊரில் வரிசை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வாலைத் தேடிப் போய் நிற்பதோடு சரி.

தலைவர் ஃபென்விக்கும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாலில் போய் நின்றார்.

“சார், முன்னாடி வாங்க. இது உங்க பஸ்” என்று கிசுகிசுத்தாள் இமோஜன்.

“வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார் அவர்.

அவர் முறை வரும்போது உட்கார இடமில்லை. பின்பக்கப் படியில் இமோஜனோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. “போன வாரம் ஹீட்டர் இல்லாத பஸ்ஸை அனுப்பினான். இந்த வாரம் கதவே இல்லாத பஸ்ஸு” என்றார் ஒருவர். முதியோர் பாஸை எடுத்து நீட்டினார்கள். “அட, அழகான அட்டையா இருக்கே! உங்க படமா இது?” என்று 1926 மாறாமல் வியந்தாள் பெரில்.

பஸ் கல் தெருவுக்குள் திரும்பிக் குலுங்கியது. “ரோடு தோண்டியிருக்கான்ல, சுத்திப் போறான்” என்றாள் ஒருத்தி. குதிரை வண்டி குறுக்கே போனது. “கவுன்சில்காரன் ரோட்டை வச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு.” சுரங்கத்தருகே கரி பூசிய முகங்கள் இரண்டு கையசைத்தபோதுதான் வின்னி கோட்ஸ்வர்த் என்ற எண்பது வயது அம்மாள் எழுந்து வந்து, டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலைத் தட்டினார்.

“தம்பி, பெரிய ஆஸ்பத்திரி இன்னும் எவ்வளவு தூரம்?”

நார்மனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இடுப்பு டாக்டரைப் பாக்கணும் கண்ணு. ஒன்றரை வருஷம் காத்திருந்து கிடைச்ச தேதி. இன்னைக்கு விட்டா அடுத்த தேதி என் கல்லறைக்குத்தான் வரும்.”

‘அம்மா, இது அந்த பஸ் இல்லை, இது அருங்காட்சியகம்’ என்று சொல்ல வாய் திறந்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இமோஜனின் கண்கள் தெரிந்தன. சொன்னால் பல் டாக்டர் வீடு. சொல்லாமல் ஒரு சுற்று சுற்றினால் கிழவியின் தேதி போச்சு. திருவிழாக்களுக்குப் போய்வர, வெளி ரோட்டில் ஓட அந்த பஸ்ஸுக்கு நம்பரும் லைசென்ஸும் இருந்தன. வாயைத்தான் கட்டச் சொன்னார்கள், ஸ்டீயரிங்கை யாரும் கட்டச் சொல்லவில்லையே!

“உக்காருங்கம்மா. நம்ம ராஜா அஞ்சாம் ஜார்ஜ் புண்ணியத்துல சீக்கிரம் போயிடலாம்.”

“ஜார்ஜா? யாரு, டிப்போ மேனேஜரா?”

பஸ் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியது. “நார்மன்! எங்க போறீங்க?” என்று அலறினாள் இமோஜன்.

“ஆஸ்பத்திரிக்கு மேடம். இந்த வருஷம் ஊர்ல இடுப்பு வலி ஜாஸ்தி.”

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நார்மன் பல்லைக் கடித்துக்கொண்டார். சூப்பர் மார்க்கெட் வந்தது. பெரில் அசரவில்லை. “மாட்டுச் சந்தை! மாட்டுச் சந்தை இறங்குறவங்க யாரும் இருக்கீங்களா?” இரண்டு பெண்கள் பையோடு இறங்கிப் போனார்கள். பெட்ரோல் பங்க்கைக் கடந்தபோது, “குதிரை லாயம்” என்றாள்.

மேட்டில் பஸ் மூச்சிரைத்தது. ஒரு சைக்கிள்காரன் தாண்டிப் போனான். வின்னி அம்மாள் கைக்குட்டையை எடுத்துவிட்டார். “லேட்டா போனா ‘மிஸஸ் கோட்ஸ்வர்த்’னு கூப்பிட்டுப் பாத்துட்டு லிஸ்ட்ல பேரை அடிச்சிருவாங்க…”

பின்படியில் நின்ற தலைவருக்குப் பொறுக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

“ஹலோ, இடுப்பு டாக்டர் பிரிவா? மிஸஸ் கோட்ஸ்வர்த் வந்துக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க… பஸ்லதான்… இல்லைங்க, இதுக்கு மேல வேகமா போகாது.”

போனை மடக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். இமோஜன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் அந்த ஊர் வழக்கப்படி டிரைவருக்கு நன்றி சொல்லி இறங்கினார்கள். வின்னி அம்மாள் மட்டும் நின்று, “பஸ்ஸு பழசுதான். ஆனா டிரைவர் அதிகம் பேசாத மனுஷர். இந்தக் காலத்துல அது அபூர்வம்” என்றார். பெரிலுக்கு வந்த சிரிப்பில் தோளில் தொங்கிய டிக்கெட் பை குலுங்கியது.

அருங்காட்சியகத்துக்குத் திரும்பியதும் இமோஜன் டிரைவர் பக்கம் வந்து நின்றாள். நார்மன் இறங்கி, தாடையைத் தடவிக்கொண்டார்.

“சொல்லாம கொள்ளாம வண்டியைக் கொண்டுபோனது தப்புதான். அதை அப்புறம் பேசிக்கலாம்” என்றாள். “ஆனா வழி முழுக்கக் காதைத் தீட்டிக் கேட்டேன். 1926-ஐத் தாண்டி நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. மாட்டுச் சந்தை உட்பட.” பிறகு திரும்பினாள். “சார், நீங்கதான் போன் பேசினீங்க.”

“நானா?” என்றார் தலைவர். “அது அவசரத்துக்கு…”

“நம்ம ஆட்கள் யாராக இருந்தாலும்னு நீங்கதான் எழுதினீங்க. ‘வண்டிகளிலும்’னும் அதுல இருக்கு.”

தலைவர் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“விதின்னா விதிதான். தாடையில கட்டுற துணி சுத்தமா இருக்குமில்ல?”

மதியம் பல் டாக்டர் வீட்டு ஜன்னலில் கூட்டம் முட்டியது. அலறல் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. கைதட்டல் அதற்கு மேல் கேட்டது.

“நம்ம தலைவரை டிவியில போட்டா…” என்று ஆரம்பித்தார் நார்மன்.

பெரில் மணியை இரண்டு தரம் இழுத்தாள். இரண்டு தரம் அடித்தால் வண்டியை எடு என்று அர்த்தம். நார்மன் வாயை மூடிக்கொண்டு கியரைப் போட்டார்.