நிலைப்படி இல்லாத கதவு

சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள்தான் நாகப்பனுக்கு அந்த வேலை செய்யத் தோன்றியது. வாசற்கதவின் நிலைப்படிக் கட்டை மழையில் ஊறி உளுத்துப் போயிருந்தது. கால் பட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. "இத வச்சிக்கிட்டு என்ன செய்யிறது" என்று கடப்பாரையால் நெம்பி ஒரேயடியாகப் பெயர்த்து எறிந்தான். கதவின் அடிப்பலகையும் அரித்திருந்தது. அதையும் கொஞ்சம் சீவினான். புதுக் கட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. விடிந்தால் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"தீவாளிக்கு வரும்போது நல்ல கட்டையா கொண்டாந்து போட்டுடறேன் ருக்கு. அதுவரைக்கும் சாக்க வச்சி அடைச்சிக்க" என்றான்.

ருக்குமணிக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். எதற்கும் தலையாட்டுகிற பருவம். சரி என்றாள்.

அது எழுபத்தாறாம் வருடம். தேயிலைத் தோட்டத்தில் இருந்தால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீட்டைத் தவிர வேறு வீட்டை நினைத்துப் பார்க்க முடியாது என்பது நாகப்பனின் எண்ணம். ஈப்போவில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றிருந்தான். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டான். நாலைந்து வருடம் உழைத்தால் பிரிஞ்சாங் டவுன் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். வீட்டில் ருக்குமணியும் அவன் அப்பா முருகையாவும் இருந்தார்கள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மலையில் காற்று தரையோடு தவழ்ந்து வரும். பின்னேரத்தில் பனிமூட்டம் இறங்கினால் வெள்ளையாக ஏதோ ஒன்று குனிந்து உள்ளே நுழைவது கண்ணுக்கே தெரியும். சாக்கைச் சுருட்டி வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு விடிவதற்குள் நனைந்த நாய்போலக் கிடக்கும். அதிகாலையில் முருகையா வெளியே போகக் கதவைத் திறந்தால் சாக்கு ஒரு பக்கம் ஒதுங்கும். திரும்பி வந்தவர் அதைச் சரியாக வைக்க மாட்டார்.

"சிங்கப்பூர்ல கப்பலுக்கே ஓட்ட அடைக்கிறானாம். சொந்த வீட்டுக் கதவ அடைக்க நேரமில்ல தொரைக்கு" என்று மகனைத் திட்டிக்கொண்டே போர்வைக்குள் சுருண்டுகொள்வார். கட்டிலில் படுங்கள் என்றால் கேட்க மாட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் பாயில் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம்.

முதல் தீபாவளிக்கு நாகப்பன் வந்தான். கைலி, சேலை, ஒரு சின்ன ரேடியோ எல்லாம் கொண்டுவந்தான். கட்டையை மறந்துவிட்டிருந்தான். நாலு நாள் லீவில் ஒரு நாள் அசதியில் தூங்கினான், ஒரு நாள் கூட்டாளிகள் விடவில்லை. ருக்குமணியும் ஞாபகப்படுத்தவில்லை. கிடைத்த பொழுதில் அவன் ஆணியும் சுத்தியலுமாகக் குனிந்து கிடப்பதை அவள் விரும்பவில்லை. பஸ் ஏறும்போது அவனே தலையில் அடித்துக்கொண்டு, "அடச்சே, கதவு!" என்றான். அடுத்த வருடம் அவசர வேலை என்று லீவு கிடைக்கவில்லை. அவன் வரவேயில்லை.

பக்கத்து வீட்டு பார்பராவுக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அவள் புருஷன் அம்புரோஸ் தேயிலை பேக்டரியில் மெஷின் பார்ப்பவர், எந்தக் கைவேலையும் தெரிந்தவர். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பார்பரா பேச்சை எடுத்தாள்.

"ஏன் ருக்கு, எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த சொன்னா ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வந்து அரை நாள்ல முடிச்சிக் குடுத்துருவாருலா. நீ வாயவே தொறக்க மாட்டேங்கிறியே?"

"அவரு வந்து செய்யிறேன்னு சொல்லியிருக்காருக்கா."

"எப்ப சொன்னாரு?"

"போறப்ப."

பார்பரா சிரித்துவிட்டாள். ருக்குமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பார்பராக்காவிடம் சொல்ல முடியாத ஒன்று ருக்குமணிக்குள் இருந்தது. அவன் போன பிறகு அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டாள். காற்றில் கூரைத் தகரம் தூக்கினால் ஏறிக் கல் வைப்பாள். தடித்த விறகைப் பிளப்பாள். சாக்கடை அடைத்தால் குத்திவிடுவாள். அவன் வந்துதான் ஆக வேண்டும் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது இந்தக் கதவு ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால் அவன் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகப் போவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. குளிர் காலில் ஏறும்போதெல்லாம் அவனைத்தான் நினைத்தாள். கோபத்தோடு நினைத்தாலும் நினைப்புத்தானே என்று இருந்துவிட்டாள்.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. தீபாவளிக்கும் நாகப்பன் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் முருகையாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போது உள்ளே எதுவோ கிழிவதுபோல் சத்தம் கேட்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வந்து முதுகில் குழல் வைத்துப் பார்த்தார். எழுந்தவர் தன் காலில் காற்றுப் படுவதை உணர்ந்து கதவடியைப் பார்த்தார்.

"இந்தக் காத்துலயா பெரியவர கீழ படுக்க வச்சிருக்கீங்க? இவர ஒடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். திரும்பி வர்றதுக்குள்ள மொதல்ல அந்தக் கதவ அடைங்க."

தோட்டத்து லோரியில் போர்வையோடு தூக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாற்றுத் துணி எடுக்க ருக்குமணி மட்டும் வீட்டுக்கு வந்தாள். பகல்தான், ஆனாலும் மூட்டம் இறங்கியிருந்தது. மாமனார் இல்லாத பாய் அடுப்போரம் விரித்தபடியே கிடந்தது. கதவடியில் நுழைந்த மூட்டம் நேராக அந்தப் பாய்க்குப் போய், தலையணை இருந்த இடத்தில் தயங்கி நின்றது. இத்தனை நாளும் தன் காலில் ஏறிய குளிரைத்தான் அவள் கணக்கில் வைத்திருந்தாள். அது ஒரு கிழவரின் நெஞ்சுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்ததை இப்போதுதான் பார்த்தாள்.

துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"பார்பராக்கா, பேக்டரில பழைய பெல்ட்டு ஏதாச்சும் கெடக்குமா? அண்ணன்ட்ட கேட்டு வாங்கிக் குடுங்கக்கா."

சாயங்காலமே அம்புரோஸ் ஒரு துண்டு கொண்டுவந்தார். மெஷினில் ஓடித் தேய்ந்த கறுப்பு ரப்பர் பட்டை. தேயிலைத் தூள் வாசனை அதில் ஊறியிருந்தது. சுத்தியலையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"நகரும்மா, நா அடிச்சிர்றேன்."

"குடுங்கண்ணே. நா அடிச்சிக்கிறேன்."

அம்புரோஸ் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஆணி ரப்பரக் கிழிச்சிரும். சோடா மூடியத் தட்டையாக்கி அடியில வச்சி அடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கவாத்துக் கத்தியால் பட்டையைக் கதவகலத்துக்கு அறுத்தாள். மண்டியிட்டு, கதவின் உட்புறம் அடியில், தரையைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, மூடி வைத்து ஆணி அடித்தாள். இரண்டு ஆணி கோணிக்கொண்டன. ஒன்று கட்டைவிரல் நகத்தைக் கறுக்க வைத்தது. முடித்துக் கதவைச் சாத்தியபோது ரப்பர் சிமெண்டுத் தரையை உரசிக்கொண்டு சரக்கென்று நின்றது. மூன்று வருடமாகக் கதவடியில் ஊதிக்கொண்டிருந்த காற்றுச் சத்தம் அறுந்துபோனது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், ஏனென்று தெரியாமல் வெகுநேரம் அழுதாள்.

முருகையா பிழைத்துக்கொண்டார். மெலிந்து, வாயாடித்தனம் மட்டும் மெலியாமல் வீடு வந்தார். கதவைத் திறக்கும்போது உரசிய சத்தத்தைக் கேட்டு, "என்னா தாயி, கதவுக்குச் செருப்புப் போட்டுட்டியா?" என்றார். அன்றிலிருந்து கட்டிலில்தான் படுத்தார்.

பெரியவருக்கு முடியவில்லை என்று அம்புரோஸ் பிரிஞ்சாங் கடையிலிருந்து போன் போட்டுச் சேதி சொல்லியிருந்தார். லீவு கிடைத்து, பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் நாகப்பன் வந்து சேர்ந்தான். தோளில் பை, கையில் பழைய பேப்பர் சுற்றிய நீளமான கட்டை. வழக்கம்போல் கதவை ஒரு விரலால் தள்ளினான். அது அசையவில்லை. தாழ் போட்டிருக்கிறது என்று நினைத்து, சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு மழைத்தூறலில் நின்றான்.

ருக்குமணி வந்து இழுத்துத் திறந்தாள். அவன் அவளைப் பார்ப்பதற்கு முன் கீழே பார்த்தான். குனிந்து பட்டையைத் தொட்டான், மூடிகளைத் தடவினான், கோணிய ஆணியில் விரல் நின்றது.

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"செங்கால் மரக் கட்ட கொண்டாந்திருக்கேன். ரயில்ல, பஸ்ஸுல, எல்லாத்துலயும் மடியில வச்சிக்கிட்டு வந்தேன்" என்றான். சின்னப் பிள்ளை குறை சொல்வதுபோல் இருந்தது குரல். "நா வந்து செஞ்சிருப்பேன்ல. நா இல்லாமயே எல்லாம் நடக்குது இங்க."

மூன்று வருடமாக அவள் வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது.

"கட்டைக்காகவாங்க நா காத்துக்கிட்டிருந்தேன்?"

அவன் நிமிர்ந்தான்.

"கதவு அடைக்க ஆளா கெடைக்கல? அண்ணன் சுத்தியலத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு. நீங்க வரணுமேன்னு நா அத அப்பிடியே விட்டு வச்சேன். மாமாவ லோரில தூக்கிப் போட்டுக் கொண்டு போற வரைக்கும் விட்டு வச்சேன். இதுக்கு மேல எத விட்டு வைக்கச் சொல்றீங்க?"

உள்ளே கட்டிலில் முருகையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வாயை மூடி அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் நாகப்பன் பேப்பரைப் பிரித்துக் கட்டையை எடுத்தான். இழைத்து மெருகேற்றிய, கனமான, நல்ல கட்டை. சிங்கப்பூரில் வேலை முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். இரு நிலைக்கால்களுக்கும் நடுவே இறக்கினான். ஒரு பக்கம் மூன்று விரல் அளவுக்குக் குறைந்தது. திருப்பிப் போட்டான், அப்போதும் குறைந்தது.

"அன்னைக்கு எடுத்த அளவு மனசுல அப்பிடியே இருக்குதுன்னு நெனச்சேன் ருக்கு" என்றான். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் வீட்டு வாசல் எவ்வளவு அகலம்னு எனக்கு மறந்துபோச்சி."

ருக்குமணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரே பச்சைச் சரிவில் மூட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் வெல்டிங் பொறி தெறித்த தழும்புகள் புதிதாக நிறைய இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் அவளுடைய கறுத்த நகத்தைப் பார்த்தான். கேட்கவில்லை.

லீவு முடிந்து போனான். பஸ்ஸடியில் இந்த முறை எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. அந்த மாதங்களில் அவள் முன்னைவிட மோசமாக ஏங்கினாள். கொழுந்து பறிக்கும் மேட்டிலிருந்து சாலையின் ஒரு வளைவு மட்டும் தெரியும். அதில் பஸ் தோன்றும்போதெல்லாம் கை நின்றுவிடும். கங்காணி அதட்டினால்தான் மறுபடி அசையும்.

பள்ளிக்கூடம் நடு வருட லீவு விட்டிருந்த சமயம், நாகப்பன் பஸ்ஸில் இல்லாமல் ஒரு காய்கறி லோரியில் வந்து இறங்கினான். பெட்டி, படுக்கை எல்லாம் கூட வந்தன. கியா பார்மில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தவுக்கேயிடம் பேசி முடித்துவிட்டானாம். கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பசாருக்கு லோரி ஓட்டும் வேலை. சிங்கப்பூரில் லோரி ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தான். பின்னேரம் இறங்கினால் மறுநாள் காலைக்குள் மேலே வந்துவிடலாம். பிரிஞ்சாங் வீட்டுக் கனவு இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போகும் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

காத்திருப்பது முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. மலைப்பாதையில் மழை பெய்யும் இரவுகளில் அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் வருடக்கணக்கில் நீண்டிருந்தது ஓர் இரவுக்குள் அடங்கிவிட்டது.

வந்த மறுநாள் காலை நாகப்பன் அவளுக்கு முன்னால் எழுந்து தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து நீட்டினான். ருக்குமணி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள்.

"ஏன், நல்லால்லியா?"

"நா சீனி போட்டுக் குடிக்கிறதில்லீங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க சிங்கப்பூரு போன வருசத்திலேர்ந்து."

அவன் குவளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சம்மணம் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாது? சொல்லு."

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எங்கே தொடங்குவது என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.