இருபத்தொரு சதவீதம் புரதமுள்ள செங்கல்

பல் என்பது சாப்பிடுவதற்காக மட்டுமே படைக்கப்பட்டது. அதைக்கொண்டு பருப்பின் ஈரத்தை அளந்தது மனிதகுலம் செய்த ஆகப்பெரிய பிழை. அந்தப் பிழை 2007 மார்ச் பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்கு விருதுநகரில் திருத்தப்பட்டது. திருத்தியவன் நான். பெயர் லட்சுமிகாந்தம், ஊர் ஆமத்தூர், எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு.

திருத்தும் கருவி ஒரு சூட்கேஸ் அளவில் இருந்தது. கல்லூரியில் அதற்கு 'அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானி' என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது அளந்தே முடித்துவிடும் என்பதால், மிஷின் என்றே அழைத்தோம். வேலை எளிது. கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி குடியிருக்கிறது. அதைத் துவரை மேல் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் நீர் தனக்குப் பிடித்த அலைநீளத்தில் கொஞ்சம் தின்னும்; புரதம் தனக்குப் பிடித்ததில் தின்னும். மிச்சம் திரும்பி வரும். பந்தியில் இலையைப் பார்த்தே யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்வதுபோல, மிஷின் அரை நிமிடத்தில் கணக்குச் சொல்லிவிடும். உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். முக்கியமாக, கடிக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறவி ஞானம் கிடையாது. ஈரம் எவ்வளவு என்று தெரிந்த துவரைகளைக் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். நூற்றிருபது மாதிரிகளை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, நான்கு மாதம் பழக்கினேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் படிக்கவைத்திருக்க மாட்டார்கள்.

அரங்கேற்றம் பருப்பு வியாபாரி சீனிவாசகம் அண்ணாச்சியின் களத்தில். செம்மண் கரைசலில் ஊறிய துவரை நாலு நாள் வெயிலில் காய்ந்து, மூட்டையாகி, லாரியில் ஏறக் காத்திருந்தது. செம்மண் கட்டிய துவரையில் பூச்சி அண்டாது, தோல் லேசாகக் கழலும், குழம்பு மணக்கும். ஈரத்தோடு கட்டினால் மட்டும் மூன்றாம் நாள் மூட்டைக்குள் பூஞ்சை பூக்கும்.

காய்ந்ததா இல்லையா என்று அங்கே தீர்ப்புச் சொல்பவர் மாரிசெல்வி. வயது இருபத்தேழு. மூட்டைக்கு ஒரு துவரை மணி எடுத்துக் கடிப்பார். 'கடக்' என்றால் லோடு. நசுங்கினால் மறுபடி வெயில். நான் குறிப்பேட்டில் 'ஒரு நாளைக்கு நூற்றைம்பது கடி' என்று எழுதி, பக்கத்தில் 'கற்காலம்' என்றும் எழுதினேன்.

"என்ன காலேஜு, பொட்டிக்குள்ள பல்லு செட்டா?" என்றார் மாரிசெல்வி.

"பல்லைவிடக் கூர்மையானதுக்கா. ஒளி."

"ஒளி கடிக்குமாக்கும்?"

"கடிக்காமலே சொல்லும்."

"எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தாம்லே இருக்கு," என்றார் லோடுமேன் பாண்டி. "வாசல்ல நிக்கும்போதே நான் எம்புட்டு ஈரத்தோட வந்திருக்கேன்னு சொல்லிரும்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா மாரிசெல்வி இருக்கட்டும். மிஷின் மாத்திச் சொல்லி, அது சரின்னு ஆயிட்டா, நாளையிலருந்து இந்தப் பல்லு வேலை வேண்டாம்."

"அப்ப நான் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை மருந்து ரூமுக்குத்தான் திரும்பணும், அண்ணாச்சி," என்றார் மாரிசெல்வி. "எங்கக்கா கையப் பாத்தீகள்ல? நான் போமாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் விஞ்ஞானம் சங்கடப்படாது என்பதால், நானும் படவில்லை.

முதல் மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம் துவரை. மாரிசெல்வி கடித்தார். 'கடக்'. மிஷின் முனகியது. ஈரம்: பதினைந்து புள்ளி எட்டு. பன்னிரண்டைத் தாண்டினாலே ஆபத்து. இரண்டாம் மூட்டை: பதினாறு புள்ளி ஒன்று. மூன்றாவது: பதினைந்து புள்ளி ஆறு. எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்ற அழகில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரிசெல்வி என் காதருகே வந்து இன்னொரு மணியைக் கடித்தார். "இந்தச் சத்தத்துல எங்கன இருக்கு ஈரம்?"

"ஈரம் காதுக்குக் கேக்காதுக்கா."

அண்ணாச்சி டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார். அவ்வளவுதான். லோடு நின்றது.

வேலை நின்றதும் பாண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பீடிக்கட்டைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டினார். மிஷின் தயங்காமல் சொன்னது: புரதம் இருபத்து நான்கு.

"பீடில அம்புட்டுச் சத்தா! ஏலே, இத ஒரு தாள்ல எழுதிக் குடுலே. வீட்ல காட்டணும்."

அடுத்து டிரைவரின் காராச்சேவு. அடுத்து ஓர் உடைந்த செங்கல்: புரதம் இருபத்தொன்று. களம் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் பொறுமையாக விளக்கினேன். "இது துவரையைத் தவிர வேற எதையும் பார்த்ததில்ல. அதனால எதைக் காட்டினாலும் துவரைன்னே நினைச்சுக்கும். ஆமத்தூரை விட்டு வெளிய போகாதவன், எந்த ஊரைப் பார்த்தாலும் ஆமத்தூர்னு சொல்ற மாதிரி."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. ஏதோ யோசித்தபடி களத்தின் மூலைக்குப் போனார். சலித்துக் குவித்திருந்த செம்மண்ணில் ஒரு கை அள்ளிவந்தார். வழியெல்லாம் விரலிடுக்கில் புழுதி பறந்தது.

"அப்ப இதையும் துவரைன்னு நெனைக்கட்டும். பாருங்க."

ஈரம்: இருபத்து மூன்று புள்ளி நான்கு.

"ஊதினாப் பறக்குது," என்றார். ஊதியும் காட்டினார். என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. "இதுல இருபத்து மூணு ஈரமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோற்றதில் வந்த சிலிர்ப்பு அல்ல, விஷயம் பிடிபட்டதில் வந்தது. களிமண்ணின் உடம்புக்குள்ளேயே நீருக்குத் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் பிணைந்து கிடக்கிறான். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்த ஜோடி. எந்த வெயிலுக்கும் நகரமாட்டான். ஒளியையும் ஏறக்குறைய நீர் தின்னும் இடத்திலேயே தின்பான். மிஷின் சொந்தக்காரனைப் பார்த்துவிட்டு, தண்ணீரே வந்துவிட்டதாகக் கணக்கு எழுதியிருக்கிறது!

குற்றம் மிஷினுடையதல்ல. மிஷினின் கண்ணாடி அழுக்காகிவிடுமே என்று, நூற்றிருபது மாதிரிகளையும் செம்மண் படாத துவரையாகத் தேடித் தேடி வாங்கியவன் நான். விருதுநகரில் அப்படி அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"சாக்கு!" என்று கத்தினேன். "சாக்கு குடுங்க! துவரையத் தேய்க்கணும்!"

முதல் மூட்டையிலிருந்து இரண்டு படி துவரையைச் சாக்கில் போட்டு, பாண்டி ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து உலுக்கித் தேய்த்தோம். தேய்த்தபடியே சொந்தக்காரன் கதையைக் களத்துக்கே சொன்னேன். செம்புழுதி கிளம்பியது. புடைத்துவிட்டு ஒரு கிண்ணம் வைத்தேன். பதின்மூன்று புள்ளி இரண்டு.

"எறங்குதுலே!" என்றார் பாண்டி.

மறுபடி தேய்த்தோம். பதினொன்று புள்ளி ஐந்து. லாரி டிரைவர் கீழே குதித்து ஓடிவந்தார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக்கூட அந்தச் சத்தம் கிடையாது. "இன்னொரு தேய்ப்பு! இன்னொரு தேய்ப்பு!" மாரிசெல்வி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எண் வரும் இடத்தையே பார்த்தார்.

பத்து புள்ளி ஆறு.

களம் அதிர்ந்தது. பாண்டி என்னைத் தூக்கி இறக்கினார். செக்கச்செவேலென்று நின்றேன்.

"சரி தம்பி," என்றார் அண்ணாச்சி. "மண்ணு, சொந்தக்காரன் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். சரக்கு காஞ்சிருக்கா இல்லையா? ஒரே வார்த்தை. ஏத்தலாமா?"

மிஷினில் நின்ற எண்ணைப் பார்த்தேன். மண் முழுதாகப் போய்விட்டதா, அல்லது எனக்குப் பிடித்த எண் வந்ததும் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டோமா? ஆய்வக அடுப்பில் உலர்த்திப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும். அடுப்பு கல்லூரியில் இருந்தது. மாரிசெல்வி இப்போது எண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. வயரைக் கழட்டிக்கிறேன்."

சூட்கேஸின் மூடியை நிமிர்த்தி, அதற்குப் பின்னால் குனிந்தேன். கழட்ட வேண்டிய வயர் அந்தப் பக்கம் எதுவும் இல்லை. சிந்திக்கிடந்த துவரையில் ஒரு மணியைப் பொறுக்கி, கடைவாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

கடக்.

"ஏத்தலாம் அண்ணாச்சி," என்றேன், செம்மண்ணை விழுங்கியபடி.