எர்லீனம்மாவுக்கு நேர்ந்த சேலை

சந்திரகாந்தி ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டுத்தான் அந்த நேர்த்திக்கடனை வைத்தாள். ஆனாலும் அது நேர்த்திதான் என்று கோயில் ஐயர் பிறகு சொல்லிவிட்டார்.

ஜெர்மனியில், பான் நகரத்து ஆசுபத்திரி ஒன்றில் அவளுக்கு முதுகுத்தண்டில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. திரும்பவும் நடக்கலாமா என்று கேட்டதற்கு மருத்துவர், "பார்ப்போம்" என்றார். ஜெர்மன் மருத்துவர்கள் ஆறுதலுக்காகப் பொய் சொல்வதில்லை. அதனால் சந்திரகாந்தி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் இங்கபோர்க் என்ற ஜெர்மன் பெண்மணி இருந்தார். ஓய்வுபெற்ற டிராம் சாரதி. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு படுத்திருந்தார். அழாதே என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ அவர் சொல்லவில்லை. தன் காதில் இருந்த இரண்டு இயர்போன்களில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். வயர் நீளம் போதாது. இரண்டு பேரும் தங்கள் கட்டில்களின் ஓரத்துக்கு நகர்ந்து, விழுந்துவிடாத குறையாகப் படுத்துக்கொண்டார்கள். தாதி வந்து இருவரையும் ஏசிவிட்டுப் போனார்.

இயர்போனில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். கரகரத்த குரல். அவசரப்படாமல் மேலே ஏறியது. எதையோ கேட்டது; ஆனால் கெஞ்சவில்லை.

"யார் இவர்?" என்று சந்திரகாந்தி கேட்டாள்.

"எர்லீன் மேஸ். அமெரிக்காக்காரி. சோல் பாடகி."

சந்திரகாந்திக்கு விளங்கவில்லை. இங்கபோர்க் தன் நெஞ்சில் கையை வைத்து, "ஸேலே" என்றார்.

ஆங்கிலத்தில் சோல் என்கிற ஆன்மாவுக்கு ஜெர்மன் மொழியில் அதுதான் சொல். வேறொரு நாளாக இருந்திருந்தால் சந்திரகாந்திக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு மயக்கமருந்து முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. அவளுக்குச் "சேலை" என்று கேட்டது. அது நியாயமான கோரிக்கையாகவும் பட்டது. இப்படிப் பாடுகிற ஒரு மனுசி ஒரு சேலை கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நேர்ந்தாள்: "அம்மாளாச்சி, நான் எழும்பி நடந்தால் இந்தப் பாட்டுக்காரிக்கு என்ரை கையாலை ஒரு சேலை சாத்துவன்."

அவள் எழும்பி நடந்தாள். முதலில் நடைச்சட்டம் பிடித்து, பிறகு ஊன்றுபொல்லு பிடித்து, பிறகு வெறுங்கையோடு.

பிழையைக் கண்டுபிடித்தது மகள் வேணுஜா. கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் சமையலறைத் தரையில் இருந்துவிட்டாள். சந்திரகாந்தி சிரிக்கவில்லை. கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஐயா, பிழையாக் கேட்டு வைச்ச நேத்தி செல்லுமோ?"

"நீர் பிழையாக் கேட்டனீர், பிள்ளை. அம்மாள் சரியாத்தான் கேட்டவ. இப்ப நடக்கிறீரோ?"

"நடக்கிறன், ஐயா."

"அப்ப சேலையை வாங்கும்."

எர்லீன் மேஸுக்கு எண்பது தாண்டிவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், இனி இந்தப் பக்கம் எங்கே வரப்போகிறார் என்று கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா மனைவியைத் தேற்றினார். தன்னையும் தேற்றிக்கொண்டார். அடுத்த வருடம் அந்தப் பாடகி விடைபெறும் பயணமாக ஐரோப்பாவுக்கு வருகிறார், பக்கத்து நகரமான கேர்ள்னில் பாடுகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். டிராம் தரிப்பிடத்தில் அதற்கு முன்னால் ஸ்ரீஸ்கந்தராஜா கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்கு வந்து, "அம்மாள் விடுறா இல்லை" என்றார்.

சேலை வாங்கப் போனபோது அவர் பட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். சந்திரகாந்தி நூல் சேலையைக் கையில் வைத்திருந்தாள். கடுகு நிறம், அரக்குக் கரை.

"இவ்வளவு பெரிய ஆளுக்கு நூல் சேலையோ? சனம் என்ன நினைக்கும்?"

"பட்டு வேர்வை குடியாது. அந்த மனுசி லைட்டுக்குக் கீழை நிண்டெல்லோ பாடுறது."

புறப்படுவதற்கு முதல் நாள் இங்கபோர்க்கைப் பார்க்கப் போனாள். மாற்றிய இடுப்பு சரிவரவில்லை. அவர் இப்போது முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். கேர்ள்ன் வரை போய்வர அவரால் முடியாது. டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நானும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் வந்தபோதெல்லாம் எனக்கு வேலை. ஒன்றை மட்டும் பார்த்து வா. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாரா, திறந்துகொண்டா?"

"ஏன்?"

"மூடிக்கொண்டு பாடுகிறவர் தனக்காகப் பாடுகிறார்."

"திறந்துகொண்டு பாடினால்?"

"டிராம் ஓட்டுகிற மாதிரி. பின்னால் இருக்கிறவர்களுக்காக."

மண்டபத்து வாசலில் ஒரு பெண் மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோருடைய பைகளையும் அளந்தாள். ஒரு கடதாசித் தாளைவிடப் பெரிய எதுவும் உள்ளே போகக்கூடாது. சேலைப்பெட்டி பெரியது.

"பெட்டியை இங்கே வைத்துவிட்டுப் போங்கள். துணி வேண்டுமென்றால் உடுத்திக்கொண்டு போங்கள்" என்றாள்.

"உடுக்கட்டாம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, மனைவிக்கு ஜெர்மன் தெரியாததுபோல.

"உடுத்த சேலையைச் சாத்தேலாது."

"அது எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியாது."

ஸ்ரீஸ்கந்தராஜா ஆசுபத்திரித் துணிகள் தோய்க்கும் நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மண்டபச் சுவரோடு திரும்பி நின்று, சேலையை நிலத்தில் படவிடாமல், மார்பிலும் முழங்கையிலும் வைத்து மடித்தார். மடித்ததைக் கைப்பைக்குள் வைத்து அழுத்தினார். அந்தப் பெண் மட்டையை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. அவள் மற்றப் பக்கம் திரும்பி அடுத்தவருடைய பையைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவர்களுடைய இருக்கை மேல்மாடத்தில், கூரைக்குக் கிட்ட இருந்தது. விளக்குகள் அணைந்தன. ஒரு ஆள் கையைப் பிடித்து மிகச் சின்ன ஒரு மனுசியை மேடைக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு பாடினார்.

ஆசுபத்திரியில் சந்திரகாந்தி அந்தக் குரலை ஒற்றைக் காதால் கேட்டவள். மற்றக் காது இங்கபோர்க்கிடம் இருந்தது. பிறகு வீட்டில், சமைக்கும்போது, சின்னத் தொலைபேசியில் கேட்டாள். இப்போது அது இரண்டு காதுக்குள்ளாலும் வந்து, முதுகில் தையல் போட்ட இடத்தில் போய் நின்றது. அவள் நிமிர்ந்து இருந்தாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா முதல் பாட்டைக் கவனமாகக் கேட்டார். "லோட், லோட் எண்டு ஆண்டவனைத்தான் கூப்பிடுறா. தேவாரம்தான்."

இரண்டாவது பாட்டு, வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் போன ஒருவரைப் பற்றியது. அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு விளங்கியது. கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"இதுவும் தேவாரமோ?"

"ஓம். அவரும் வராமல்தானே நிக்கிறார்."

அவர் பின்னால் சாய்ந்து மிச்சப் பாட்டையும் கேட்டார்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் சந்திரகாந்தி கைப்பையை எடுத்தாள். "நான் கீழை போறன்."

"விசரே உமக்கு? எத்தினை படி இருக்கெண்டு பார்த்தனீரோ? நான் கொண்டு போறன், தாரும்."

"என்ரை கையாலை எண்டுதான் சொன்னனான். அதோடை, படி இறங்கிறதுக்குத்தானே நேத்தியே வைச்சது."

அவர் எழுந்து பின்னால் போனார். அவள் கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். வழியில் இருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். ஒரு கிழவர் தன் பியர்க் கோப்பையை மடியில் இடுக்கிக்கொண்டு, கைபிடி இல்லாத இடத்தில் அவளுக்குக் கை கொடுத்தார். எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை.

மேடைக்கு முன்னால் கம்பித் தடுப்பு இருந்தது. அதன் முன்னால் கறுப்புச் சட்டை போட்ட காவலாளி நின்றான். கதவு நிலையை நிறைக்கக்கூடிய உயரம். சந்திரகாந்தி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள்: முதுகு வெட்டினார்கள், கடவுளிடம் சொன்னேன், நடந்தேன், சேலை கொடுக்க வேண்டும்.

"மேடைக்குக் கிட்ட யாரும் போக முடியாது" என்றான் அவன்.

"சரி" என்றாள் அவள்.

சண்டை பிடிக்கவில்லை. திரும்பிப் போகவுமில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டின் நடுவில் முதுகு நோகத் தொடங்கியது. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள். காவலாளி அதைப் பார்த்தான். தன்னுடைய மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, அவளைப் பார்க்காதவன்போல மற்றப் பக்கம் போய் நின்றான். அவள் அதில் இருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா தூணோடு ஒதுங்கி நின்றார்.

அடுத்த பாட்டு முடிந்ததும் அவன் குனிந்தான். "அது என்ன துணி?"

"நூல்."

"ஈரத்தை உறிஞ்சுமா?"

"நல்லாக."

அவன் மேடை ஓரத்தில் நின்ற ஒருத்தரைப் பார்த்து, பாடகிக்கு வேர்வை துடைக்கத் துவாய் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சொன்னான். பிறகு தடுப்பைக் கொஞ்சம் விலக்கினான்.

"நீ உன் கையால் நீட்டு. நான் உன் முழங்கையைப் பிடித்திருப்பேன். யாராவது கேட்டால், நான் உன்னைத் தடுத்துக்கொண்டிருக்கிறேன்."

பெரிய உதவிகளைச் செய்கிறவர்கள் மேடையில் நின்று செய்வார்கள். சின்ன உதவிகளைச் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எர்லீன் மேஸ் கதிரையிலிருந்து எழுந்து, மைக்கைப் பிடித்தபடி மேடை விளிம்புக்கு வந்தார். நெற்றியிலிருந்து வேர்வை வடிந்தது. சந்திரகாந்தி செருப்பைக் கழற்றினாள். சேலையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். காவலாளி அவளை மிகவும் மென்மையாகத் தடுத்துக்கொண்டிருந்தான்.

கிழவி குனிந்து சேலையை வாங்கினார். முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துணி வழக்கத்தைவிட நீளமாக இருந்ததால் ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு தோளில் போட்டுக்கொண்டு பாடினார். ஒரு முழுப் பாட்டு. கடுகு நிறச் சேலை ஒரு தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கியது. சந்திரகாந்திக்கு அவர் முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. இங்கபோர்க்குக்காகக் கண்களைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. எர்லீன் மேஸ் சேலையைச் சுருட்டிச் சனத்துக்குள் எறிந்தார்.

சேலை காற்றில் முழுதாக அவிழ்ந்து, முன்வரிசையில் தாடி வைத்த ஒரு பெரிய மனிதரின் தலையில் விழுந்து மூடியது. "ஐயோ" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, தூணிலிருந்து.

தாடிக்காரர் சேலைக்குள்ளிருந்து வெளியே வந்தார். சேலையை முகத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. காவலாளி அவருக்குச் சந்திரகாந்தியைக் காட்டினான். அவர் தடுப்புக்குக் கிட்ட வந்தார்.

"உங்களுடையதா?"

"இல்லை. அவருடையது. இது..." பிரசாதம் என்பதற்கு ஜெர்மனில் சொல் வரவில்லை. "கோயிலில் கடவுளுக்குக் கொடுப்போம். கடவுள் திருப்பித் தருவார். வீட்டில் ஒருவர் வரமுடியாமல் இருக்கிறார்."

தாடிக்காரர் சேலையைப் பார்த்தார். அவருக்குக் கொடுக்க மனமில்லை என்பது சந்திரகாந்திக்குத் தெரிந்தது. அதில் பிழை ஒன்றுமில்லை.

"கடைசிப் பாட்டு முடியும்வரை வைத்திருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ஒரு தலைப்பை நீங்கள் பிடியுங்கள்" என்றாள் சந்திரகாந்தி.

கடைசிப் பாட்டை அவள் கதிரையிலும் அவர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலுமாக, ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் அவர் தன் பக்கத்தை விட்டார்.

திரும்பும் ரயிலில் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஒரு நியாயம் பிடிபடவில்லை.

"காந்தி, உது சாத்தினதோ, துடைச்சதோ?"

"தோளிலை போட்டவதானே."

"போட்டவ. பிறகு எறிஞ்சவவெல்லோ."

"கோயிலிலை அம்மாளுக்குச் சாத்தின சேலையை ஐயர் எடுத்து உங்கடை கையிலை தரேக்கை, அம்மாள் எறிஞ்சுபோட்டா எண்டே சொல்லுறனியள்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "இல்லை" என்றார்.

மறுநாள் மத்தியானம் சந்திரகாந்தி முதியோர் இல்லத்துக்குப் போனாள். இங்கபோர்க் வணக்கம் சொல்லவில்லை.

"மூடியா, திறந்தா?"

"ஒரு கண் மூடியிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது."

"நீண்ட பாதையில் நானும் அப்படித்தான் ஓட்டினேன்" என்றார் இங்கபோர்க். "யாரிடமும் சொல்லாதே."

சந்திரகாந்தி சேலையை எடுத்து அவருடைய தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். மிச்சம் மடி நிறைய இருந்தது. இங்கபோர்க் கரையைத் தடவிப் பார்த்தார். முந்தானையில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"கழுவினாயா?"

"இல்லை."

"நல்லது" என்றார் இங்கபோர்க்.