பாக்கியத்தின் மூலை அறை

"பத்தவைக்க மாட்டேன்னா மாட்டேன், அண்ணி! கரண்டியத் தொடமாட்டேன்னு சொல்லித்தானே வேன்ல ஏறினேன்?"

"அப்ப இத்தனை பேரும் பட்டினி கெடக்கட்டுமா? சமையல்காரன் வயித்தப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். ராத்திரி பூரா அவன் பாத்ரூமுக்கு நடந்த நடைக்கு, மைசூருக்கே போய்ச் சேந்திருக்கலாம்!"

"லாட்ஜ்ல சாப்பாடு போடறாங்கல்ல? அதத் தின்னுங்க."

"எத? அந்த வறட்டு ரொட்டியையா?"

ஜோத்பூரைத் தாண்டி, மரமே இல்லாத பாறைக்காட்டுக்கு நடுவில் இருந்த அந்த லாட்ஜின் பின்முற்றத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பே மைசூர் விஜயநகரின் குரல் ஏறிவிட்டது. கத்திக்கொண்டிருந்தவள் சுலோசனா. அவளுக்குப் பதிலுக்குப் பதில் கொடுத்தவள் நாத்தனார் பாக்கியலட்சுமி. இருவருக்கும் நடுவில், மைசூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பித்தளைப் பம்பு ஸ்டவ் தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாக்கியத்தின் அண்ணனும் சுலோசனாவின் கணவனுமான சேகரன், இந்த இருவரில் யார் பக்கம் பேசினாலும் ஆபத்து என்பதால், எதிரிலிருந்த குன்றை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். டயர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அங்கே அறுபது பேரை மேய்க்கிறவன்.

தசராவுக்கு ஊரெல்லாம் மைசூருக்கு வரும். விஜயநகரின் அந்தத் தெருக்காரர்கள் மட்டும் அந்த வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புவார்கள். ஏற்பாடு முழுக்க சேகரன். வேன் ஓட்ட ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தொட்டையன். சமைக்க ஹனூர்ப் பக்கத்துப் பாலன். கூடவே அரிசி மூட்டை, புளி, ரசப்பொடி டின். இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் மத்தியானம் சாம்பார் வாசனை வந்தாக வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் ஒரே கொள்கை. ஆக்ராவுக்குப் போய்வந்தவர்களிடம் தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டால், அங்கே வண்டி நிறுத்துகிற இடத்தில் தின்ற புளியோதரையைப் பற்றித்தான் சொல்வார்கள்.

பாக்கியம் இதுவரை எந்தப் பயணத்துக்கும் வந்ததில்லை. வந்தால் காய் நறுக்க உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தேழு வயதாகியும் அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் பல காரணங்கள் உலவின. செவ்வாய் என்றார்கள் சிலர். நிறம் என்றார்கள் சிலர். உள்விவகாரம் தெரிந்தவர்கள் சொன்ன காரணம் சொஜ்ஜி. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் செய்த சொஜ்ஜியைப் புகழ்ந்த புகழ்ச்சியில், இவள் போய்விட்டால் நம் கதி என்ன என்று சுலோசனா யோசிக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வந்த ஜாதகம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இந்த வருஷம் சேகரனுக்கு என்ன தோன்றியதோ, "நீ சும்மா கூட வா பாக்கியம், கரண்டி பக்கமே போக வேணாம்" என்று சத்தியம் செய்து கூட்டிவந்தான்.

முந்தின நாள் சாயங்காலம், பேசிவைத்திருந்த தர்மசத்திரத்தை ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தொட்டையன் வழியில் விசாரித்து இந்த லாட்ஜுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். யாரோ பழைய ஜமீன்தார் கட்டிய மாளிகையாம். மஞ்சள் கல் சுவர்கள், உள்ளே கிணற்றடி போலக் குளிர்ச்சி. "மணலே இல்லியே, நம்ம சாமுண்டி மலையக் காயப்போட்ட மாதிரி இருக்குது" என்று மூக்கைச் சுளித்தாள் பக்கத்து வீட்டு மல்லம்மா. ஜோடி ஜோடியாக அறைகளைப் பிரித்ததில், மூலையில் ஒரு சின்ன அறை மிஞ்சியது. அது பாக்கியத்துக்கு வந்தது.

வாழ்நாளில் முதல் தடவையாகக் கதவு உள்ள ஒரு அறை. வீட்டில் அவள் படுப்பது ஹாலில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். தண்ணீர் குடிக்க எழுகிறவர்களெல்லாம் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே பெரிய மரக்கட்டை கோத்த ஒரு சாவியைக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பூட்டினாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். கட்டிலின் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தபோது மெத்தை அவளை மெல்ல உள்வாங்கிக்கொண்டது. எப்போது தூங்கினாள் என்று தெரியாது. விழித்தபோது ஜன்னல் முழுக்கப் பாறைகள் நின்றன. இன்னும் விடியாத வெளிச்சத்தில் அவை ஊதா நிறத்தில், முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் பெரிய பிராணிகளைப் போல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தன. ஒரு மயில் அவற்றின் மேல் நிதானமாக நடந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அடுப்பங்கரையில் பால் பொங்கவில்லை. தான் இன்னும் கனவில்தான் இருக்கிறோம் என்று அவள் நினைத்த வேளையில்தான், சுலோசனா கதவைத் தட்டினாள்.

தட்டியது மட்டுமில்லை. "அரிசி மூட்டை, ஸ்டவ் எல்லாம் உன் ரூம்லயே வெச்சுக்கலாம் பாக்கியம். சமைக்க வசதி, காத்து வருது" என்றாள்.

முற்றத்துச் சண்டை அங்கிருந்து தொடங்கியதுதான்.

சண்டையின் உச்சத்தில் ஓர் அறைக்கதவு திறந்தது. பாலன். போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகம் வெளிறி, சுவரைப் பிடித்தபடி வந்தான்.

"சத்தம் வேண்டாமுங்கோ. நானே ஆக்கிப் போட்டர்றனுங்க."

"பாத்தியா? சாகக் கெடக்கறவனுக்கு இருக்கிற இரக்கம் உனக்கு இருக்கா?" என்றாள் சுலோசனா.

"ஏனம்மா பாக்யா, ஒந்து சாரு, அன்னா மாடிபிடு, ஆய்த்து!" என்று மல்லம்மா தன் பங்குக்குக் கன்னடத்தில் ஒத்து ஊதினாள். ஒரு ரசமும் சோறும் போதுமாம்.

எல்லாக் கண்களும் பாக்கியத்தின் கைமேல் இருந்தன. அந்தக் கையும் பழக்கதோஷத்தில் ஸ்டவ்வை நோக்கி நீளத்தான் செய்தது. இப்போது பற்றவைத்தால் இந்த வேளைச் சமையலோடு முடியாது. மூலை அறைக்குள் மூட்டை வந்துவிடும், மூட்டையோடு எல்லோரும் வந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்தக் கதவைப் பூட்ட முடியாது. அவள் குனிந்தாள். பம்பைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டவ் பின்னை எடுத்தாள். எண்ணெய்த் துளையை அந்தப் பின்னைக் கொண்டு இரண்டு தடவை குத்தாமல் அந்த ஸ்டவ் எரிந்த சரித்திரமே இல்லை. கையை ஓங்கிச் சுவருக்கு மேலே வீசினாள். எங்கோ பாறையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"போய்ப் படுங்க பாலன்" என்றாள். "ஒடம்பு முடியாதவரு சமைக்க வேணாம். முடிஞ்சவளும் சமைக்கப்போறதில்ல."

அறைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். சுலோசனா சேகரனைப் பார்த்துச் சொன்னதெல்லாம் அந்தத் தடிமனான சுவருக்கு இந்தப்பக்கம் வெறும் வண்டு முரலும் சத்தமாகத்தான் வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. பிறகு சாப்பாட்டு அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். வறட்டு ரொட்டியைத் தின்னமாட்டேன் என்றவர்கள் பூண்டுச் சட்னிக்கு மறுபடி மறுபடி தட்டு நீட்டினார்கள் என்றும், அதில் முதல் தட்டு மல்லம்மாவுடையது என்றும் பிற்பாடு தெரியவந்தது.

பாக்கியத்தின் கதவையும் யாரோ மெல்லத் தட்டினார்கள். லாட்ஜ்காரர், தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, ஒரு தாம்பாளத்தோடு நின்றார். நெய் தடவிய ரொட்டி, ஏதோ ஒரு காய், ஒரு செம்பு மோர். வேறு யாரோ ஆக்கி, வேறு யாரோ கொண்டுவந்து வைத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பாறைகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தன. ஊதா தேனாயிற்று, தேன் வெள்ளையாயிற்று, உச்சிவேளையில் வெளிச்சமே கல்லாகி நின்றது. வானம் அத்தனை பெரியதாக இருக்கும் என்று விஜயநகரில் யாரும் சொன்னதில்லை. தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். நேரம் அவளைக் கேட்காமலே போயிற்று. அவளும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

வெயில் சாய்ந்ததும் பாறைப்பக்கம் நடந்தாள். அங்கே பாலன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"பின்னுதானே?"

"ஆமாங்க. உங்க அண்ணி தேடிட்டு வரச் சொன்னாங்க."

"கெடைச்சுதா?"

"இல்லீங்க." குச்சியை ஊன்றி நிமிர்ந்தான். "கெடைச்சாலும் கெடைக்கலீன்னுதான் சொல்லுவனுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்காம்?"

"பொண்டாட்டி தவறி ஏழு வருசமாச்சுங்க. அப்பறம் எனக்குன்னு ஒருத்தரு ஆக்கிக் குடுத்தது இன்னைக்குத்தான். லாட்ஜ்காரங்க மோருல மாவக் கரைச்சுக் காச்சிக் குடுத்தாங்க. பாத்தா, நம்மூரு கம்பங்கூழுங்க! அத்தன தூரம் வந்து கூழு குடிச்சிருக்கறன்."

"வயிறு?"

"கேக்காதீங்க. கல்லு மாதிரி நிக்குது."

பாறை பகலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது. ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். அவ்வளவு மரியாதையான தூரம். சொஜ்ஜியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தூரத்தில் ஆட்டு மந்தை ஒன்று தூசியாகக் கரைந்துகொண்டிருந்தது. சுலோசனா ஜன்னலிலிருந்து அத்தனையையும் பார்த்தாள். பார்த்ததால்தான் இது வெளியே வந்தது.

"கல்லுக்காட்டுல அவ புத்தி பிசகிடுச்சு" என்று ஊர் திரும்பியதும் தெரு முழுக்கச் சொன்னாள். தெரு அந்த மீசைக்கார லாட்ஜ்காரரைச் சந்தேகித்தது. மல்லம்மா அவர் மீசை எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டிக்கூட வைத்திருந்தாள். அத்தனையும் வீணாயிற்று. அடுத்த சித்திரையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலில் பாக்கியத்தின் கழுத்தில் தாலி கட்டியது பாலன். தொட்டையன்தான் வேனில் எல்லோரையும் கொண்டுபோய் இறக்கினான். சுலோசனா வந்தாள், மூக்கைச் சிந்தினாள், மூன்று தடவை பாயசம் வாங்கினாள். சேகரன் இப்போது ரொம்ப இளைத்துவிட்டான். டயட் என்று சொல்லிக்கொள்கிறான்.

புதுத் தம்பதி குண்டலுபேட்டைக்குக் குடிபோய், ஊட்டி ரோட்டில் ஒரு மெஸ் போட்டார்கள். சமையல் முழுக்கப் பாலன், கல்லாவில் பாக்கியம். கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில், மரக்கட்டை கோத்த ஒரு பழைய சாவி தொங்குகிறது. ஊட்டி போகிற வழியில் இறங்கிய மல்லம்மா விடாமல் கேட்டே விட்டாளாம், எந்தக் கதவுக்கு என்று.

"அத லாட்ஜ்காரருக்கு அனுப்பணும், மறந்தே போயிடறேன்" என்றாளாம் பாக்கியம். ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று மல்லம்மா கேட்டதற்கு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாளே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.