தொட்டுக்க ஒரு கிண்ணம்

என் இடது காலில் உணர்ச்சி இல்லை என்பது எனக்கே தெரியாது. டாக்டர் தேவகிதான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கங்க வீரபத்திரன், ஊசியால குத்தறப்போ சொல்லுங்க" என்றார். நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன். எப்போதுதான் குத்துவாரோ என்று சலித்துப்போய்க் கண்ணைத் திறந்தால், என் மனைவி கமலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். விரலிலிருந்து கணுக்கால் வரைக்கும் டாக்டர் குத்தி முடித்துவிட்டிருந்தார்.

சர்க்கரை வியாதி. நான் தறிக்குழியில் காலை இறக்கி மிதிப்பலகையை மிதிக்கிறவன். பலகையில் கிளம்பியிருந்த சிலும்பு ஒன்று சுண்டுவிரலைக் கிழித்திருக்கிறது. அதுகூடத் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"சர்க்கரை இறங்கினா புண் ஆறும். இறங்கலைன்னா விரலை எடுக்கணும். அப்புறமும் இறங்கலைன்னா பாதம்" என்றார் டாக்டர்.

பாதம் போனால் மிதிக்க முடியாது. மிதிக்க முடியாதவனுக்குத் தறியில் என்ன வேலை? இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. கால் மரத்தது போல உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருக்க வேண்டும். பயத்தையெல்லாம் என் பங்கையும் சேர்த்துக் கமலாட்சியே பட்டுக்கொண்டாள்.

டாக்டர் அவளிடம்தான் சொன்னார். "சோறு கூடாது. இட்லி, தோசை கூடாது. தேங்காய், எண்ணெய், வேர்க்கடலை எதையும் கண்ணுல காட்டாதீங்க. ஆளும் கனமா இருக்கார், எடை குறையணும். ராத்திரிக்கு ஒரு கேழ்வரகு ரொட்டி. மத்தபடி பசிச்சா காய்கறி. வெள்ளரி, முள்ளங்கி, நூக்கல், கோஸ்."

"வேகவெச்சா?"

"பச்சையா."

கமலாட்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். "தொட்டுக்க இன்னா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடை எடுத்த பாலைத் தோய்ச்சு, அந்தத் தயிர்ல கொத்தமல்லியோ புதினாவோ அரைச்சுக் கலந்து குடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

முதல் நாள் வெறும் முள்ளங்கியைக் கடித்தேன். ஆட்டின் முகம் ஏன் எப்போதும் அப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தயிரோ தண்ணீராக ஓடியது. வெள்ளரித் துண்டை முக்கி எடுத்தால் துண்டு நனைந்துகொண்டு வருமே தவிர, தயிர் கிண்ணத்திலேயே நின்றுவிடும். தட்டைத் தள்ளிவிட்டேன். கமலாட்சி என்னைத் திட்டவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்த கிண்ணமே வேறு. வெண்ணெய் போலக் கெட்டியாக, பச்சை நிறத்தில், இஞ்சி மணத்தோடு இருந்தது. நூக்கல் துண்டில் அள்ளினால் வழியாமல் நின்றது. அதற்கப்புறம் தினம் ஒரு தினுசு. ஒரு நாள் புதினாவும் மிளகும். ஒரு நாள் தக்காளியையும் பச்சைமிளகாயையும் தணலில் சுட்டுப் பிசைந்தது. ஒரு நாள் கறிவேப்பிலையும் வறுத்த சீரகமும். காய் தின்பதற்காகத் தொட்டுக்கொண்டவன், போகப்போகத் தொட்டுக்கொள்வதற்காகக் காய் தின்றேன். கிண்ணத்தின் அடியைக் கோஸ் இலையால் வழித்துத் தின்பேன். அவள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சாப்பாட்டை அவள் அப்படி நின்று பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுச் சபாபதி தன் தறிக்குப் பாவு போடும் நாளில் எங்கள் வீட்டுக்கு வருவான். நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து அரிசிக் கஞ்சி பூசிக் காயவிட வேண்டும். அப்போதுதான் இழைக்கு விறைப்பு வரும். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவதில் எங்கள் தெருவில் கமலாட்சியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுற்றிலும் நாலு வீட்டுப் பாவுக்கு அவள் பானைதான்; தினமும் யார் வீட்டுக்காவது கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள். சபாபதி என் தட்டைப் பார்த்து, "ஆடி மாசம் வருது வீரபத்திரா, அம்மன் கோயில் பக்கம் போயிடாதப்பா, ஆடுன்னு நெனச்சுக்கப்போறாங்க" என்பான். பிறகு ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்காகவே சக்கர வியாதி வாங்கலாம் போல இருக்குதே" என்பான். கமலாட்சிக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீல நிறத் திரவம் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் என் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டு, கண்ணாடிக் குழாயை விளக்கில் காட்டுவார் கம்பவுண்டர். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் ஆபத்து. நிறத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் தறியில் பாதியில் நின்ற புடவையே ஆனந்தா நீலம். அந்த நீலம்தான் குழாயில் தொடக்கத்தில் இருக்கும். பிறகு கிளிப்பச்சை ஆகும், மாம்பழ மஞ்சள் ஆகும், அங்கேயும் நிற்காமல் செங்கல்லுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நல்ல சாயம், எங்கேயும் திட்டு இல்லை என்று நினைத்துக்கொள்வேன். வேறு ஒன்றும் தோன்றாது.

மாத்திரையைக் கூட்டினார்கள். எடையும் குறையவில்லை. சுண்டுவிரல் கறுத்து, பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியது. அடுத்த வாரமும் இதே நிறம் என்றால் இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கமலாட்சி கச்சபேசுவரர் கோயிலுக்கு நடையாய் நடந்தாள்.

அந்த அடுத்த வாரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலை. அன்றைக்குச் சபாபதி வீட்டுப் பாவு. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி வேண்டுமென்று கமலாட்சி பானையை இறக்கி வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கலாமென்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசல் வரை நொண்டிப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பானையிலிருந்து கொழுகொழுவென்று ரெண்டு கரண்டி கஞ்சியை வடிகட்டித் தயிரில் ஊற்றினாள். மத்தால் கடைந்தாள். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். கொத்தமல்லி விழுதைப் போட்டு, விரலால் எடுத்துப் பார்த்து, ஒட்டுகிறதென்று தலையாட்டிக்கொண்டாள்.

நான் நிற்பதைப் பார்த்ததும், "பாவுக்கு எண்ணெ கலக்கறதுக்கு முன்னாலியே உங்களுக்கு எடுத்துருவேங்க. ஒரு சொட்டு எண்ணெ கிடையாது" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

"தினமுமா?"

"பின்ன? அந்தத் தயிரு எதுல ஒட்டுது? இழைக்கு ஒட்டறது காய்க்கு ஒட்டாதா?"

எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் அது நூல் குடிப்பது. ஆள் குடிக்கக் கூழ் உண்டு, மோர் உண்டு. கஞ்சிப் பானை தறி, ராட்டை, பாவுக்குக் கஞ்சி பூசும் குஞ்சம் இவற்றோடு சேர்ந்த சாமான். டாக்டர் சோறு என்று சொன்னபோது கமலாட்சி சோற்றுப் பானையைத்தான் நினைத்தாள். நானும் அதைத்தான் நினைத்தேன். வேளைக்கு ஒரு கிண்ணம், அரிசியை வாயாரத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவள் மத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குழாய் அன்றைக்கும் செங்கல்லாகவே நின்றது. டாக்டர் தேவகி அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வெளியில என்ன சாப்பிடறீங்க?"

"அவரு ஒண்ணுமே துன்றதில்ல டாக்டரம்மா!" கமலாட்சி அழுதுவிட்டாள். "எல்லாம் என் கையாலதான். காய வாயில வெக்க முடியாம கஷ்டப்படறாருன்னு பாத்துப் பாத்துச் செய்யறேன்."

"சரி, நீங்க சொல்லுங்க. தொட்டுக்கறதுல என்னென்ன போடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்கத் தொடங்கினாள். "ஆடை எடுத்த தயிரு. கொத்தமல்லி. இஞ்சி இத்தினிக்கூண்டு. பச்சமொளகா, உப்பு. அப்பறம் கெட்டியா நிக்கறதுக்கு..."

"இட்லி துன்னேன்" என்றேன்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"காப்பி கிளப்ல. தினமும். இவ கோயிலுக்குப் போயிருக்கறப்போ நொண்டிக்கினே போய்த் துன்னுட்டு வருவேன். வடையும் துன்னேன். நாக்கு கேக்கலீங்க."

டாக்டர் கத்தினார். படித்தவர்கள் கத்தினால் வார்த்தை சுத்தமாக இருக்கும். ஆனால் வலிக்க வேண்டிய வார்த்தைகள்தான். எனக்கு வலிக்கவில்லை. கமலாட்சியின் மடக்கிய விரல்கள் மெல்ல நிமிர்ந்தன. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பார்ப்பதற்குப் பதில் ஊசியால் குத்தச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்துது."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். எடுத்தாகிவிட்டது என்று என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் குழாய் மஞ்சளாகி, பச்சையாகி, ஒரு நாள் ஆனந்தா நீலமாகவே நின்றது. பாதம் தப்பிவிட்டது என்றார் டாக்டர். "இனிமேலாவது வாயைக் கட்டுங்க" என்றார்.

ஊர் வாயைத்தான் கட்ட முடியவில்லை. பெண்டாட்டி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செய்து போட, கிளப்பில் போய் இட்லி தின்று விரலைத் தொலைத்தவன் என்று எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. பார்க்க வந்த சபாபதி, "அந்தப் பொம்பளைக்கு நீ துரோகம் பண்ணிட்டப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். கமலாட்சி வருவாள், கட்டிலடியில் உட்கார்ந்திருப்பாள், போவாள். ஒரு சொல் கிடையாது. எனக்கு அதுவும் ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கிறவரை அவள் மேல் அவளுக்குக் கோபம் வராது.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளரி, முள்ளங்கி, நூக்கல். பக்கத்தில் கிண்ணம். கிண்ணத்தில் அதே பழைய கெட்டி, அதே பச்சை. இதை நான் எப்படி யோசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. சொன்னால் அவள் செத்தாள், சொல்லாவிட்டால் பாதம். ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தொட்டேன்.

"துன்னுங்க" என்றாள் கமலாட்சி. பல நாளைக்குப் பிறகு கேட்ட குரல். "துணியில கட்டித் தொங்கவுட்டு வடிச்ச தயிரு."

அடுப்படிப் பக்கம் பார்த்தேன். ஆணியில் வெள்ளைத் துணி மூட்டை ஒன்று தொங்கியது. அடியில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரருக்கு மேரி சிஸ்டர் சொல்லிக்கினு இருந்தாங்க. கஞ்சியும் சோறுதானாம். தெரியாதான்னு கேட்டாங்க அந்தாள. எனக்குத்தான் தெரியல." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்குக் காலைல அடுப்படியில நின்னு பாத்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. இல்லீங்க?"

நான் கையிலிருந்த வெள்ளரித் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"எந்தக் கிளப்புல இட்லி துன்னீங்க?"

"சாப்பிட வுடும்மா" என்றேன்.

தின்றேன். கிண்ணத்தை அவளே என்னிடம் நகர்த்தி வைத்தாள். கோஸ் இலையால் அடியை வழித்துக்கொண்டிருக்கும்போது குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் என் இடது பாதத்தை, கட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.